நமக்கு என்றால் யாருக்கு?

ஜூன் 3

முற்றுப்புள்ளிக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கவரோடு குப்பையில் போட்டுவிடாதே, இரண்டு பக்கமாவது படி, அப்புறம் உன் இஷ்டம். பத்தொன்பது வருஷம் கழித்து எழுதுகிறேன், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாள்களைக் கசக்கிப் போட்டாயிற்று, இது நாலாவது. உன் விலாசத்தைக் கொடுத்தது நம் பழைய டைப்பிஸ்ட்தான். பல் டாக்டரிடம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள், கன்னம் வீங்கிக் கிடந்தது, அந்த வீங்கின வாயோடும் பேச்சு குறையவில்லை. "அவ அண்ணன் வீட்டு மாடியில இருக்கா. பள்ளிக்கூடங்களுக்குக் கேள்வித்தாள் திருத்திக் குடுக்கறா. உன் பேச்சை எடுத்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கறா" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

நமக்கு இந்தப் பெயர்களை வைத்த அச்சகக்காரரை நினைவிருக்கிறதா? நான் எழுதும் வாக்கியம் முடியவே முடியாது, நீ எழுதும் வாக்கியம் தொடங்குவதற்குள் முடிந்துவிடும் என்பார். அந்த மூன்றாவது மாடி அறை இப்போதும் என் கண்ணிலேயே நிற்கிறது. அலமாரி நிறைய மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, அறையின் நடுவில் துணி துவைக்கும் மெஷின். ஒவ்வொன்றுக்கும் 'உபயோகிக்கும் முறை' எழுதித் தருவதுதான் நம் பிழைப்பு. ஒரு ஜன்னல் மூடவே மூடாது, மழை வந்தால் மேஜையை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து நகர்த்துவோம். பதினோரு வருஷம் அப்படி நகர்த்தியிருக்கிறோம்.

நம் மண்டு விளையாட்டு! நான் எழுதியதை உரக்கப் படிப்பேன், நீ ஒன்றுமே தெரியாத மண்டு மாதிரி அதை அப்படியே செய்வாய். "மூடியைத் திறந்து துணிகளைப் போடவும்" என்று படித்தேன், நீ உன் சால்வையைப் போட்டாய், மேஜை விரிப்பைப் போட்டாய், கடைசியில் மேலாளர் நாற்காலியில் தொங்கிய கோட்டையும் உள்ளே திணித்தாய். "எந்தத் துணின்னு நீ எழுதலையே, நான் என்ன பண்ணுவேன்!" என்றாய். நான் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு புது வேலை கிடைத்திருக்கிறது, சாஃப்ட்வேர் கம்பெனியில், இந்த வயதில், சிரிக்காதே. ஒரு கண் ஆஸ்பத்திரிக்காக ஏஐ ஏஜென்ட் ஒன்று செய்கிறார்கள். நோயாளிகள் போனில் செய்தி அனுப்பினால் அது படித்துப் பதில் எழுதும். ஆனால் அதற்குத் தானாக எதையும் செய்ய வராது, ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு கருவியைக் கையில் கொடுத்திருக்கிறார்கள், அதாவது சின்னச் சின்ன ப்ரோகிராம்கள். நேரம் பார்க்க ஒன்று, பதிய ஒன்று, மாற்ற ஒன்று, ரத்து செய்ய ஒன்று. ஒவ்வொரு கருவிக்கும் நாலு வரி விளக்கம், அதைப் படித்துத்தான் எதை எப்போது எடுப்பது என்று அது முடிவு செய்யும். அந்த நாலு வரியை எழுதுகிறவள் நான். முதல் நாள் இதைச் சொன்னதும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. அது வேறு யாருமில்லை, நம் மண்டு!

ஆனால் தனியாக எழுத வரவில்லை. எழுதுகிறேன், படிக்கிறேன், எல்லாம் சரியாக இருக்கிற மாதிரியே இருக்கிறது. நாலு விளக்கங்களை இதோடு வைத்திருக்கிறேன். ஒரு தடவை பாரேன், உன் கண்ணுக்குத்தான் தெரியும்.

காற்புள்ளி

*

ஜூன் 11

காற்புள்ளிக்கு,

கடிதம் வந்தது. தபால்காரர் கனத்தை வைத்துப் புத்தகம் என்று நினைத்தார்.

நாலையும் பார்த்தேன். மண்டுவாகவே படித்தேன். பழக்கம் போகவில்லை.

முதலாவது. 'நேரத்தைப் பார்க்க உதவும்.' மணி என்ன என்று பார்க்கவா? அதற்குச் சுவர்க் கடிகாரம் போதும். டாக்டரிடம் எந்த நாளில் எந்த நேரம் காலியாக இருக்கிறது என்று சொல். பார்க்க மட்டும்தான், பதியாது என்றும் சொல். இல்லாவிட்டால் பார்த்ததையே பதிந்ததாக நினைத்து, அந்த மண்டு நோயாளிக்கு 'வாங்க' என்று எழுதிவிடும்.

'மாற்று', 'ரத்து'. ஒருவர் 'வியாழன் வர முடியாது' என்கிறார். எதை எடுப்பது? நீ எழுதியதைப் படித்தால் இரண்டையும் எடுக்கலாம். எப்போது இதைத் தொடவே கூடாது என்று ஒவ்வொன்றிலும் எழுது. எதற்கு என்று எழுதத்தான் உனக்குப் பிடிக்கும். எதற்கு இல்லை என்று எழுத உனக்கு எப்போதுமே சோம்பல்.

பதியும் கருவியில் 'தேதி' என்று நிரப்ப ஒரு கட்டம். எந்தத் தேதி? பிறந்த தேதியா, வர வேண்டிய தேதியா? கட்டத்தின் பெயரிலேயே சொல். பதிய முடியாவிட்டால் 'இல்லை' என்று திரும்புமாம். என்ன இல்லை? நேரமா, டாக்டரா, அந்த நோயாளியேவா?

மற்றபடி நன்றாக இருக்கிறது.

போன் செய்யாதே. போனில் நீ அழுது காரியத்தை முடித்துவிடுவாய். எழுதினால் எழுது. அந்த மூன்று பக்கத்தில் ஜன்னல் இருக்கிறது, மழை இருக்கிறது, கோட்டு இருக்கிறது. நான் ஏன் அந்த அறையை விட்டுப் போனேன் என்பது மட்டும் இல்லை.

*

ஜூன் 18

முற்றுப்புள்ளிக்கு,

ஐயோ, உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் தெரியுமா, திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நீ சொன்னபடியே நாலையும் திருத்தினேன். போன வாரம் வரை, வேறு நாள் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு அது நேரத்தையே ரத்து செய்து வைத்திருந்தது. இந்த வாரம் ஒன்றுகூடத் தப்பாகவில்லை.

எனக்கு எதிரில் உட்காருகிறவள் ப்ரோகிராம் எழுதுகிறவள், தலைமுடியை வைத்துச் சுருட்டை என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம். வீட்டில் இரட்டைக் குழந்தைகள், கணவர் வேறு ஊரில் வேலை, இவள் ஒரு கையால் டைப் அடித்துக்கொண்டே மறு கையால் போனில் குழந்தைகளை அதட்டுவாள். உன் திருத்தங்களைக் காட்டினேன். "யாரு மேடம் இவங்க? சுவர்க் கடிகாரம் போதுமாம்ல! இவங்களை முதல்லயே கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றாள். எனக்கு என்னவோ என்னையே பாராட்டின மாதிரி பெருமையாகப் போய்விட்டது.

இங்கே அறை குளுகுளு என்று இருக்கிறது, ஜன்னல்கள் திறக்கவே திறக்காது, வெளியே மழை பெய்தால்கூட யாருக்கும் தெரியாது. நேற்றுப் பெய்திருக்கிறது, வீட்டுக்குக் கிளம்பும்போது ரோடு ஈரமாக இருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். உடனே நம் மேஜை ஞாபகம். நீ உன் பக்கத்தை எப்போதும் சீக்கிரமாகத் தூக்கிவிடுவாய், மைக்கூடு என் மேல் கவிழும், ஒரு நாளாவது நாம் சேர்ந்து தூக்கியிருக்கிறோமா?

ஐந்தாவதாக ஒரு கருவி இருக்கிறது, 'குறிப்பு அனுப்பு' என்று. ரொம்பச் சின்னது, ஒரே வரி, நானே முடித்துவிட்டேன், அதற்கெல்லாம் உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பார்த்தேன்.

அந்த இன்னொரு விஷயத்தைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், பக்கம் தீர்ந்துவிட்டது.

காற்புள்ளி

*

ஜூன் 27

காற்புள்ளிக்கு,

பக்கம் தீரவில்லை. பின்பக்கம் காலியாக இருந்தது.

நானே எழுதுகிறேன். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த மாதம். நான் லீவில் இருந்தேன். ஆவி பிடிக்கும் மெஷினுக்கு நீ எழுதிய தாள் அச்சுக்குப் போனது. 'தொட்டியில் தண்ணீரை எடுத்துவிட்டு சுவிட்சைப் போடவும்.' நிரப்பச் சொன்னாய் நீ. காலி செய்யச் சொன்னதாகப் பாதிப் பேர் படித்தார்கள். மெஷின்கள் கருகித் திரும்பி வந்தன. ஒரு வீட்டில் ஜன்னல் திரை பற்றிக்கொண்டது.

நான் திரும்பி வந்த அன்று மேலாளர் கூப்பிட்டார். "இதை யார் எழுதினது?" என்றார். நீ "நாங்கதான் சார்" என்றாய்.

நான் என்று ஒரு வார்த்தை. அதுதான் வேண்டியிருந்தது. இரண்டு பேரில் ஒருத்தி போக வேண்டும் என்றார்கள். உனக்குக் கைக்குழந்தை. எனக்குக் குழந்தை குட்டி இல்லை. நான் போனேன். நீ குனிந்துகொண்டு பென்சில் சீவிக்கொண்டிருந்தாய். வாசல் வரைகூட வரவில்லை.

கோபம் இன்னும் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய்.

அந்த அறையை நானும் நினைக்கிறேன். இங்கே மாடியில் என் மேஜையைச் சுவர் ஓரம் போட்டிருக்கிறேன். கேள்வித்தாளில் கோணலாக ஒரு வாக்கியம் வரும். 'இதைப் படியேன்' என்று வலது பக்கம் திரும்புவேன். சுவர் இருக்கும். பத்தொன்பது வருஷமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அந்த ஐந்தாவதை அனுப்பு. சின்னதுதான் கடிக்கும்.

*

ஜூலை 6

முற்றுப்புள்ளி,

உன் கடிதம் வந்த அன்றே எல்லாம் நடந்துவிட்டது.

ஐந்தாவது கருவிக்கு நான் எழுதியிருந்தது இதுதான்: 'நோயாளியைப் பற்றி நமக்குத் தெரிய வேண்டியதை எழுதி அனுப்பும்.' வரவேற்பு மேஜையில் இருப்பவர்களுக்கும் டாக்டருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். ஆபீசில் உட்கார்ந்து எழுதினேன், நமக்கு என்றால் எங்களுக்குத்தானே என்று கை தானாக எழுதிவிட்டது. ஆனால் அந்த ஏஜென்ட் பேசிக்கொண்டிருப்பது நோயாளியோடு. அதற்கு நமக்கு என்றால் எதிரில் இருக்கிற நோயாளியும் சேர்த்தி. நாம் என்றால் கேட்கிறவரும் சேர்ந்ததுதான், இதை ஒரு குழந்தைகூடச் சொல்லும். யாருக்கு அனுப்புவது என்ற கட்டம் திறந்தே இருந்தது, யார் பெயரை வேண்டுமானாலும் போடலாம். டாக்டர் எழுதி வைத்திருந்ததைப் படித்து அது இரண்டு பக்கமும் அனுப்பிவிட்டது.

ஒரு தையல்காரர். தனியாக இருக்கிறவர். அவர் போனுக்குப் போன குறிப்பு என்ன தெரியுமா? 'வலது கண்ணில் பார்வை திரும்பாது என்று டாக்டர் கருதுகிறார். நோயாளியிடம் இன்னும் சொல்லவில்லை.' எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்துக் கடைக்காரரிடம் போனைக் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். கடைவீதியில் நின்றுகொண்டு கேட்டிருக்கிறார். அதற்கப்புறம் அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை.

கூட்டம் போட்டார்கள். ஆஸ்பத்திரித் தலைவர் வந்திருந்தார். "இது எப்படி நடந்தது?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன், என்ன வந்தது தெரியுமா? "நாங்க கொஞ்சம் கவனிக்காம விட்டுட்டோம் சார்." சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. கட்டத்தைத் திறந்து வைத்தது சுருட்டை என்று பழி அவள் பக்கம் போய்விட்டது. வெள்ளிக்கிழமை இன்னொரு கூட்டம், அதில் அவளை அனுப்பிவிடுவார்கள். அவள் என் முகத்தையே பார்க்கிறாள்.

அன்றைக்கு நான் ஏன் 'நான்' என்று சொல்லவில்லை? பயம், அவ்வளவுதான். குழந்தையைச் சாக்காகச் சொல்லி எனக்கு நானே பத்தொன்பது வருஷம் தேற்றிக்கொண்டேன். பென்சில் சீவினேன் என்கிறாயே, எழுதுவதற்காகக்கூட இல்லை, முனை உடைய உடையச் சீவிக்கொண்டே இருந்தேன், நிமிர்ந்தால் உன்னைப் பார்க்க வேண்டும்.

என்ன செய்யட்டும்? நீ சொல்.

*

ஜூலை 8

காற்புள்ளிக்கு,

என்னிடம் கேட்காதே. நான் சொல்லி நீ செய்தால் அது நான் செய்தது.

இதை நானும் விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். வெள்ளிக்கு முன் கிடைக்கும்.

கூட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தத் தையல்காரரிடம் யாராவது போனார்களா?

*

ஜூலை 15

முற்றுப்புள்ளிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை காலையில் வந்தது, கடைசி வரியைப் படித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். யாருமே போயிருக்கவில்லை. அத்தனை பேர் உட்கார்ந்து கூட்டம் போட்டோம், ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

சின்னக் கடை, ஒரே ஒரு மெஷின். கைப்பழக்கத்தில் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். நான்தான் எழுதினேன், என் தப்பு என்று சொன்னேன். தலையை நிமிர்த்தவே இல்லை. நூலைக் கடித்துத் துண்டித்துவிட்டு, "டாக்டர் நேர்ல சொல்லியிருந்தா ஒரு கேள்வி கேட்டிருப்பேன்மா. இன்னொரு கண்ணாவது மிஞ்சுமான்னு. போன்கிட்ட என்னத்தைப் போய்க் கேக்கறது?" என்றார். "வாங்க, இப்பவே போய்க் கேட்போம்" என்றேன். "கடையை யார் பார்ப்பா?" என்றார். பக்கத்துக் கடைக்காரர், அந்தக் குறிப்பைப் படித்துக் காட்டினவர், "நான் பார்த்துக்கறேன், நீ கிளம்புய்யா முதல்ல" என்று விரட்டினார்.

கூட்டிக்கொண்டு போனேன். வலது கண் போனதுதான். இடது கண்ணைக் காப்பாற்றலாம் என்கிறார் டாக்டர். தையல்காரர் வெறுத்துப்போய் மருந்து விடுவதையே நிறுத்தியிருக்கிறார், இன்னும் இரண்டு வாரம் அப்படியே இருந்திருந்தால் அதுவும் போயிருக்குமாம்.

வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டேன். "நான் எழுதினேன். நான் மட்டும்தான். இதை அனுப்புன்னு ஒருத்தி கேட்டா. அவளுக்குக் காட்டறதுக்கு முன்னாடியே ஓட விட்டுட்டேன். சுருட்டைக்கு நான் குடுத்த வரி தப்பு." என்னை அனுப்பிவிட்டார்கள், அது நியாயம்தான். சுருட்டை இருக்கிறாள். 'யாருக்கு' என்ற கட்டத்தையே கருவியிலிருந்து தூக்கிவிட்டாள், இனி அது நினைத்தாலும் நோயாளிக்குப் போகாது. விளக்கத்தையும் மாற்றிவிட்டுத்தான் கிளம்பினேன்: 'வரவேற்பு மேஜைக்கும் டாக்டருக்கும் மட்டும். நோயாளிக்குப் பதில் சொல்ல இதைப் பயன்படுத்தக் கூடாது.' எதற்கு இல்லை என்று எழுதியிருக்கிறேன், பார்த்தாயா.

அந்த நாலையும் திருத்தினது யார் என்று கேட்டார்கள். உன் பெயரைச் சொன்னேன், உன் நிஜப் பெயரை. உன்னை வேலைக்குக் கூப்பிட்டு எழுதுவார்கள். போ, தயவுசெய்து போ. அந்த நாற்காலி உனக்குச் சேர வேண்டியது. நான் பத்தொன்பது வருஷம் லேட், ஆனாலும் சொல்கிறேன்: அன்றைக்கு எழுதினது நான். என்னை மன்னித்துவிடு.

காற்புள்ளி

*

ஜூலை 24

காற்புள்ளிக்கு,

கம்பெனியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. பதில் போடவில்லை. இதைப் படித்த பிறகும் நீ என் பெயரைச் சொல்வாயா என்று தெரியாமல் எப்படிப் போடுவது?

ஆறு நாளாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். ஆறு நாளும் முதல் வரியோடு நின்றுபோகிறேன். எனக்கு இப்படி ஆனதே இல்லை.

நான் லீவில் போனதற்கு முந்தின நாள் நினைவிருக்கிறதா? காலையில் மேலாளர் வந்து, மிக்ஸிக்கு எழுதிய தாளை உன் ஒருத்தியுடையது என்று நினைத்து உன்னை மட்டும் பாராட்டினார். நீ பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாய். அதில் பாதி நான் எழுதியது. அன்று முழுக்க நானாக உன்னோடு பேச்சே எடுக்கவில்லை, நீ அதைக் கவனிக்கவுமில்லை.

மதியம் நீ டீ கிளாஸ்களைக் கழுவப் போயிருந்தாய். ஆவி மெஷின் தாள் உன் மேஜையில் கிடந்தது. நின்றபடியே படித்தேன். 'எடுத்துவிட்டு' என்ற இடத்தில் நின்றேன். மண்டுவாகப் படித்தேன், மெஷினைக் கவிழ்த்து இருந்த தண்ணீரைக் கொட்டினேன், எல்லாம் மனசுக்குள்ளேயே. தப்பு என்று அப்போதே தெரிந்துவிட்டது. நீ திரும்பி வந்தாய், "படிச்சியாடி? எப்படி இருக்கு?" என்றாய். நான் "நல்லா இருக்கு" என்றேன்.

உனக்கு ஒரு திட்டு விழட்டும் என்றுதான் நினைத்தேன், வேறொன்றும் நினைக்கவில்லை. அச்சுப்பிழை பார்க்கும்போது மேலாளர் கண்ணில் படும், நாலு பேர் முன்னால் உன்னைக் கேட்பார், அப்புறம் நானே மாற்றிக் கொடுக்கலாம் என்று இருந்தேன். அன்று சாயங்காலம் அப்பா விழுந்துவிட்டார், நான் ஊருக்கு ஓடினேன், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மாதமும் அந்தத் தாளை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. நினைத்திருந்தால் ஒரு போன் போதும், அந்த வீட்டில் ஜன்னல் திரை எரிந்திருக்காது.

நீ "நாங்கதான் சார்" என்றபோது எனக்கு ஏன் அப்படி எரிந்தது என்று உனக்குத் தெரியாது. உனக்குத் தெரியாமலே நீ உண்மையைச் சொல்லிவிட்டாய். அதை ஒத்துக்கொள்ள முடியாமல்தான் உன்னைக் கோபித்துக்கொண்டேன், கோபித்துக்கொண்டே இருந்தேன், அது எனக்கு வசதியாக இருந்தது.

நீ தனியாக ஒரு கூட்டத்தில் எழுந்து நின்றாய், தையல்காரர் கடைப்படி ஏறினாய். நான் இந்த மாடியில் உட்கார்ந்து உன் வாக்கியங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். நீ மன்னிப்புக் கேட்பாய் என்று பத்தொன்பது வருஷமாகக் காத்திருந்தேன், அது வந்துவிட்டது, அதை வாங்கிக்கொள்ள எனக்குக் கை நீளவில்லை. கேட்க வேண்டியவள் நான்.

கேட்கிறேன்.